விளக்கு வைப்பதற்குள் தூக்க வேண்டிய மாடு

என் இடது கண்ணுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு தழும்பு இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கீழிமை கொஞ்சம் இழுத்துக்கொண்டு நிற்கும். அதனால் நான் சிரிக்கும்போதுகூட அந்தக் கண்ணில் நீர் கோத்திருக்கும். பார்க்கிறவர்கள், ஐயோ பாவம், இவளுக்கு என்ன துக்கமோ என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு ஒரு துக்கமும் இல்லை. ஊருக்குள் எனக்கு வாயாடி அஞ்சலை என்றுதான் பெயர்.

எங்கள் காலனித் தையல் பள்ளிக்குப் புதிதாக வருகிற பெண்கள் ஒவ்வொருத்தியும் இந்தத் தழும்பைப் பற்றிக் கேட்கிறாள். தீப்பட்டதா, புருஷன் அடித்தானா என்று அவர்களே ஆளுக்கொரு கதையும் கட்டிவிடுகிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள்தானே, எழுதியே வைத்துவிடுகிறேன். இனி கேட்கிறவள் இதை எடுத்துப் படித்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர், காஞ்சிபுரத்துப் பக்கம் இருக்கிற ஐயம்பேட்டையிலிருந்து நடந்து போகிற தூரம். கிணறுகளில் ஒவ்வொன்றாக பம்ப்செட் வந்துகொண்டிருந்த வருஷம் அது. என் புருஷன் முனுசாமி, ஏகாம்பரம் என்ற பெரிய விவசாயியிடம் படியாள். அவருடைய நிலத்தில் உழுவது, நீர் பாய்ச்சுவது, அறுப்பது எல்லாம் இவர் வேலை. இவருக்கு முன்னால் இவருடைய அப்பா செய்தார். அந்த வேலைகளோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் மாடு செத்தால் நாங்கள்தான் தூக்க வேண்டும். அதுவும் சாயங்காலம் வீட்டில் விளக்கு வைப்பதற்குள் தூக்கிவிட வேண்டும். செத்த மாடு கொட்டிலில் கிடக்க விளக்கு ஏற்றினால் அந்த வீட்டில் லட்சுமி தங்கமாட்டாளாம். அவர்கள் வீட்டு லட்சுமிக்காக நாங்கள் பிணம் தூக்கவேண்டும்.

தூக்கிப் போய் களத்துமேட்டுப் புளியமரத்தடியில் வைத்து உரிப்போம். கறி எங்களுக்கு. தோலில் பாதி எங்களுக்கு, பாதி ஏகாம்பரத்துக்கு. கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைக்கிற கவலைக்குத் தோல் பை வேண்டுமே, அதற்காக ஏற்பட்ட பங்கு அது. அவர் கிணற்றுக்கு பம்ப்செட் வந்து கவலை பரண்மேல் ஏறிவிட்டது. தோல் பங்கு மட்டும் இறங்கவில்லை.

அந்த வருஷம் சித்திரையில் அவருடைய உழவு மாடு ஒன்று செத்தது. முந்தின நாள் சாயங்காலம் வரை நன்றாக மேய்ந்த மாடு. காலையில் போய்ப் பார்த்தால் கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தது. மூக்கிலிருந்து கறுப்பாக ரத்தம் வடிந்து உறையாமல் கிடந்ததாக முனுசாமி சொன்னார். பாம்பு தீண்டியிருக்கும் என்றார்கள். வழக்கப்படி எங்கள் ஆட்கள் போய்த் தூக்கினார்கள், உரித்தார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கறியைக் கண்டம் போட்டேன். தோலைக் குழியில் விரித்து உப்பு தேய்த்தேன். முந்தின ராத்திரி கன்னத்தில் கொசு கடித்த இடம் அரித்துக்கொண்டே இருந்தது. உப்புக் கையோடு சொறிந்தேன். கொசுக்கடியைச் சொறியாதவர்கள் யார்?

இரண்டொரு நாளில் அந்த இடத்தில் ஒரு பரு வந்தது. பரு கொப்புளமானது. கொப்புளம் உடைந்து நடுவில் குழி விழுந்து, குழி கறுத்தது. அடுப்புக்கரியை எடுத்து ஒட்டவைத்த மாதிரி கறுப்பு. சுற்றிலும் குட்டிக் கொப்புளங்கள்.

“சிலந்தி நக்கிட்டுக்குதுமே” என்றார் என் மாமியார். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்.

இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், அது வலிக்கவே வலிக்காது. ஊசியால் குத்திப் பார்த்தேன், தெரியவில்லை. எங்களுக்கெல்லாம் வலித்தால்தான் வியாதி. கட்டி என்றால் விண்விண் என்று தெறிக்க வேண்டும், அப்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை விடுவார்களா? நான் நாற்றங்காலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு முகம் வீங்க ஆரம்பித்தது. காலையில் கண் பாதி திறந்தது. சாயங்காலம் திறக்கவே இல்லை. வீக்கம் தாடைக்கு இறங்கியது. உடம்பு அனலாய்க் கொதித்தது. என் மூன்று வயது மகள் செல்வி என்னைப் பார்த்து வீறிட்டு அழுதுகொண்டு பாட்டியிடம் ஓடினாள். அதுதான் எனக்கு முதல் பயம். மாமியார் இரும்புக் கம்பியைக் காய்ச்சிச் சூடு போட்டால் சரியாகும் என்றார். முனுசாமி அந்தக் கம்பியைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்துவிட்டு, “எழுந்திரு, காஞ்சிபுரம் போலாம்” என்றார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து போய் நின்றுகொண்டார். ஆஸ்பத்திரி வரிசையிலும் எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள். வாழ்நாளில் அன்றைக்குப்போல் எனக்கு யாரும் வழிவிட்டதில்லை. என்ன செய்வது, அனுபவிக்கக் கண்தான் தெரியவில்லை.

அங்கே இருந்தது ஒரு இளவயது டாக்டரம்மா. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

“வலிக்குதா?”

“இல்லம்மா. அதான் வுட்டுட்டேன்.”

“வீட்டுப் பக்கம் ஆடு மாடு ஏதாவது திடீர்னு செத்துதா?”

நான் முனுசாமியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பதில் தெரியாமல் இல்லை. மாடு செத்தது, அறுத்தோம் என்று சொன்னால் நாங்கள் எந்தத் தெரு என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த அரை நிமிஷம் தயங்கினதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாக வருகிறது. முகம் பூசணிக்காயாக வீங்கி உயிர் போகப்போகிற நேரத்தில்கூட வெட்கப்படச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

“செத்துதும்மா. நாங்கதான் அறுத்தோம். நான்தான் தோலுக்கு உப்பு வெச்சேன்” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

டாக்டரம்மா முகம் மாறவில்லை. “நல்லவேளை சொன்னே” என்றார். கொப்புளத்து நீரைக் கண்ணாடித் துண்டில் தொட்டெடுத்து உள்ளே கொண்டுபோனார். திரும்பி வந்து, பூதக்கண்ணாடியில் கணுக்கணுவாக மூங்கில் கழிகளை அடுக்கின மாதிரி கிருமி தெரிகிறது என்றார்.

“இதுக்குப் பேர் ஆந்த்ராக்ஸ். நம்ம பக்கம் அடைப்பான்னு சொல்வாங்க.”

“அடைப்பான் மாட்டுக்கு இல்ல வரும்?” என்றார் முனுசாமி.

“மாட்டுக்கு வர்றதுதான். செத்த மாட்டை அறுக்கிறவங்களுக்கும் வரும். தோல்ல கீறல் இருந்தாப் போதும், உள்ள பூந்துடும். மனுஷங்ககிட்டேருந்து இன்னொருத்தருக்குச் சாதாரணமாத் தொத்தாது. ஆனா சும்மா விட்டா ரத்தத்துல கலந்து ஆளைக் கொன்னுடும்.”

முனுசாமி கேட்டார்: “கழுத்துல வருமாம்மா?”

“எங்க வேணா வரும். ஏன்?”

“எங்க அப்பாவுக்குக் கழுத்துல வந்துச்சி. இதே கறுப்பு. வலிக்கலன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. அம்மன் குத்தம்னு கூழ் ஊத்தினோம்.”

நான் அவருக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே மாமனார் இறந்துபோயிருந்தார். அம்மன் கோபித்துக்கொண்டுவிட்டாள் என்றுதான் எனக்கும் சொல்லியிருந்தார்கள். வருஷாவருஷம் அந்த அம்மனிடம் போய் மன்னிப்பு கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் என்ன செய்தாள், பாவம்! அவரைக் கொன்றது ஏகாம்பரம் வீட்டு மாடு.

என்னைப் படுக்கவைத்தது கடைசியில் இருந்த தனி வார்டில். பக்கத்துக் கட்டடம் சவக்கிடங்கு. நல்ல இடமாகத்தான் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள், தூக்கிப் போக வசதி என்று முனுசாமியிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மருந்து பென்சிலின் ஊசி. பகல், ராத்திரி என்று பார்க்காமல் சில மணிக்கு ஒரு தடவை ஸ்டெல்லா சிஸ்டர் தட்டோடு வருவார். மருந்து கெட்டியாக இறங்கும். இடுப்பில் இரண்டு பக்கமும் இடமில்லாமல் குத்திக் குத்தி, மல்லாந்தும் படுக்க முடியாது, ஒருக்களித்தும் படுக்க முடியாது. புண் வலிக்கவில்லை, ஊசி வலித்தது. கட்டியைக் கீறி எடுத்துவிடக்கூடாதா என்று கேட்டேன். கத்தி வைத்தால் கிருமி ரத்தத்தில் ஓடிவிடும், அந்தக் கறுப்புப் பொருக்கு தானாகத்தான் விழ வேண்டும், கையை வைத்தால் கட்டிப்போடுவேன் என்றார் சிஸ்டர்.

மறுநாள் வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. எச்சில் விழுங்கினால் கஷ்டமாக இருந்தது. டாக்டரம்மா வந்து தொண்டையில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு சிஸ்டரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். நான் விடவில்லை. எதுவானாலும் என் எதிரிலேயே சொல்லுங்கள் என்றேன். வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்தால் தொண்டையில் துளை போட வேண்டிவரும், இன்றைக்கு ராத்திரி தாண்டிவிட்டால் பயமில்லை என்றார்.

அந்த ராத்திரி எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்வதில் என்ன வெட்கம்! கண்ணாடி கேட்டேன், சிஸ்டர் தரவில்லை. தண்ணீர் குடிக்கிற எவர்சில்வர் டம்ளரைத் திருப்பி முகத்தைப் பார்த்தேன். டம்ளரில் எல்லோர் முகமும் கோணலாகத்தான் தெரியும். ஆனாலும் அது என் முகம் இல்லை. செல்வியை நினைத்து அழுகை வந்தது. ஒரு கண்ணில்தான் அழ முடிந்தது, இன்னொன்று மூடிக்கிடந்தது. அழுது முடித்த பிறகு கோபம் வந்தது. இன்னொருத்தர் வீட்டில் சாயங்காலம் விளக்கு எரிவதற்காக நான் சாக வேண்டுமா? சாகமாட்டேன் என்று டம்ளரைப் பார்த்துச் சொன்னேன். சிஸ்டர் என்ன வேண்டும் என்று கேட்டார். தண்ணீர் என்றேன்.

விடிந்தபோது எச்சில் கொஞ்சம் சுலபமாக இறங்கியது.

என் துணியைத் தொட அங்கே கூட்டிப் பெருக்குகிற அம்மாள் பயந்தார். குற்றம் சொல்லமாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருந்தன. முனுசாமிதான் துவைத்தார். எங்கள் ஊரில் பெண்டாட்டி புடவையைத் துவைத்த ஆம்பிளையை நான் அதுவரை பார்த்ததில்லை. சிஸ்டர் சொன்னபடி சோடாவுப்பு போட்டு வெந்நீரில் காய்ச்சி, பிழிந்து, வேப்பமரத்துக்கும் சுவருக்கும் கயிறு கட்டி உலர்த்துவார். “இன்னாய்யா, என் கொசுவத்தைக் கூடப் பாத்து மடிக்கிறே!” என்று ஜன்னல் வழியாகச் சீண்டுவேன். “வாய் வீங்கலியே, அதுதான் கொறை” என்பார்.

பகலில் சும்மா உட்கார அவரால் முடியாது. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிற ஒருவரிடம் விறகு பிளந்து, தண்ணீர் சுமந்து கொடுக்கப் போனார். கை பலத்தைப் பார்த்துவிட்டு, சாயத்தில் முக்கின பட்டு நூலை முறுக்கிப் பிழியவும் அவரையே விட்டார்கள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வரும்போது முழங்கை வரை ஒரு நாள் அரக்குச் சிவப்பு, ஒரு நாள் கிளிப்பச்சை. ஊரில் எந்தக் கல்யாணத்துக்கு என்ன புடவை போகிறது என்று எனக்குப் படுக்கையிலேயே தெரிந்தது. அந்தக் கையால் ரொட்டியைப் பாலில் தோய்த்து எனக்கு ஊட்டுவார். வாய் முழுக்கத் திறக்காது, பாதி கழுத்தில் வழியும். துடைத்துவிட்டு அடுத்த வாய் ஊட்டுவார். ஆஸ்பத்திரியில் ஊசிக்கும் படுக்கைக்கும் காசு கேட்கவில்லை. போக வரச் செலவை அவருடைய சாயக்கூலி பார்த்துக்கொண்டது.

கொஞ்சம் தேறி உட்கார ஆரம்பித்திருந்தபோது ஏகாம்பரம் வந்தார். வராந்தாவிலேயே நின்றுகொண்டு துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூட வராத மனுஷர். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“இன்னா அஞ்சலை, எப்படி இருக்குது?”

“இருக்கறன் ஆண்டே” என்றேன். முதலாளியை நாங்கள் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

“மாட்டு டாக்டர் வரப்போறாராம். உன்னாண்டதான் விசாரிப்பாராம். முள்ளு கீறிச்சி, சீழ் வெச்சிக்கிச்சின்னு சொல்லிடு.”

“ஏன் ஆண்டே?”

“அடைப்பான்னு தெரிஞ்சா ஊர்ப் பாலை சொசைட்டில எடுக்க மாட்டாங்கம்மா. வைகாசி சந்தைக்கு அதோட ஜோடி மாட்டை ஓட்டணும், ஒருத்தன் தொடமாட்டான். புரியுதா? உனக்கு வேணும்னா நெல்லு கில்லு அனுப்பறேன்.”

அவர் பயப்படுவதை நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அந்த மாட்டின் ஜோடிதான் சந்தைக்குப் போகப்போகிறது. அதை வாங்குகிறவன் எந்த ஊரோ, அங்கேயும் ஒரு முனுசாமி தூக்குவான், ஒரு அஞ்சலை உப்பு வைப்பாள்.

“நான் முள்ளு கீறி இங்க வரல” என்றேன்.

“யோசிச்சுப் பேசு. நாளைக்கு இங்கேர்ந்து வந்து எங்க நிப்பீங்க? என் களத்துலதானே?”

“மொதல்ல உசிரோட வந்து நிக்கறேன். எங்கன்றதை அப்புறம் பாத்துக்கலாம்.”

பழத்தை வராந்தாவில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சிஸ்டர் அதை எடுத்து மற்ற வார்டுகளுக்குக் கொடுத்தார். நான் ஒன்று கேட்டு வாங்கித் தின்றேன். பழம் என்ன பாவம் செய்தது?

அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அடுத்த மாடு செத்ததும் முனுசாமி போய் அறுப்பார். இந்தத் தடவை தப்பித்த அவருக்கு அடுத்த தடவை கழுத்தில் வரலாம், அவர் அப்பாவுக்கு வந்த மாதிரி. நடுவில் வேறு வழியே இல்லை. சாயங்காலம் அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்குக் கை மஞ்சளாக இருந்தது. நெடுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லிடு” என்றார்.

மாட்டு டாக்டர் சைக்கிளில் வந்தார். தடித்த மனுஷர், மிதித்து வந்த களைப்பில் மேல்மூச்சு வாங்கியது. என் படுக்கைக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மாடு எங்கே விழுந்தது, ரத்தம் என்ன நிறம், எங்கே உரித்தார்கள், கறியை யார் தின்றார்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். மாட்டுக்காரர் பெயர் முதல் எல்லாம் சொன்னேன். மாமனார் கழுத்துப் புண்ணையும் சொன்னேன்.

“அப்பவும் அந்தப் புளியமரத்தடிதானா?” என்றார்.

“தலைமுறையா அங்கதாங்க.”

அவர் எங்களுக்கு விளக்கின விதம் எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. செத்த மாட்டின் உடம்புக்குள் கிருமி மூடிக்கிடக்கிற வரை சீக்கிரம் அழிந்துவிடுமாம். நாம் கத்தியை வைத்து ரத்தம் காற்றில் பட்டதும் அது தன்னைச் சுற்றி ஒரு ஓடு கட்டிக்கொள்ளும். விதை மாதிரி. வெயிலுக்கும் மழைக்கும் அசையாமல் வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும். ஒரு நாள் புல்லோடு ஒரு மாடு தின்னும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் இந்த நோயில் செத்த மாட்டை அறுக்கவே கூடாது, இழுத்துக்கொண்டும் போகக்கூடாது. விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும். படுத்திருந்த வைக்கோலைக் கொளுத்த வேண்டும். மற்ற மாடுகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும்.

“அப்ப தூக்கறதே தப்புங்களா?” என்று கேட்டார் முனுசாமி.

“தூக்கறது, உரிக்கறது, திங்கறது எல்லாமே தப்பு.”

முனுசாமி அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். டாக்டர் சொன்னார்.

அவர் ஊருக்குப் போய் எங்கள் வீட்டு உப்புக்குழியிலிருந்த தோலையும், உறியில் தொங்கின உப்புக்கண்டத்தையும் எடுத்துக் கொளுத்தினார். என் மாமியார் மண்ணை வாரித் தூற்றினாராம். வருஷத்துக்குக் கறி என்று சேர்த்துவைத்தது அல்லவா! கறி தின்றவர்கள் எல்லோரையும் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பிப் பார்த்தார். நல்லவேளை, ஒருத்தருக்கும் ஒன்றும் வரவில்லை. புளியமரத்தடியைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஊரில் எல்லோரும் மாடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டார்கள், ஏகாம்பரத்தைத் தவிர. அவர் ஊசி வருகிற நாளன்று தன் மாடுகளை ஏரிப்பக்கம் ஓட்டிவிட்டார். ஊசி போட்ட மாடு சந்தையில் விலை போகாது என்று யாரோ சொன்னார்களாம். மாட்டு டாக்டருக்கு எதிர்காலம் தெரியுமோ என்னவோ, ஒரு மூட்டை சுண்ணாம்பைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

பொருக்கு ஒரு காலையில் தலையணையில் விழுந்து கிடந்தது. சிஸ்டர் இடுக்கியால் எடுத்து எரித்தார். பிறகுதான் கண்ணாடி கொடுத்தார். பார்த்தேன். கண் இருந்தது, பார்வை இருந்தது. இமை மட்டும் இழுத்துக்கொண்டு நின்றது. பட்டணத்தில் ஆபரேஷன் செய்தால் சரியாகும், எழுதித் தரட்டுமா என்றார் டாக்டரம்மா. வேண்டாம், இது இருக்கட்டும், எனக்கு வேலை இருக்கிறது என்றேன்.

வீட்டுக்கு வந்த அன்று செல்வி கொஞ்ச நேரம் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பிறகு வந்து தழும்பைத் தொட்டு, “வலிக்குதாமா?” என்றாள். டாக்டரம்மா கேட்ட அதே கேள்வி. அவளைக் கட்டிக்கொண்டு இரண்டு கண்ணாலும் அழுதேன்.

ஏகாம்பரம் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. முனுசாமி விடியற்காலையில் நடந்தும், சில நாள் யார் சைக்கிளிலாவது தொற்றிக்கொண்டும் பிள்ளையார்பாளையம் போய் வந்தார். நான் வீடு வீடாகப் போய், மாட்டு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நம்பாதவர்களிடம் முகத்தைக் காட்டினேன். “இது வேணுமா உனக்கு? உன் பொண்டாட்டிக்கு வேணுமா?” அதற்கு மேல் பேச்சில்லை.

வைகாசி சந்தைக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஏகாம்பரத்தின் அந்த ஜோடி மாடும் செத்தது. ஊசி போடாத மாடு. மூக்கில் அதே கறுப்பு ரத்தம். அவர் ஆள் வந்து எங்கள் தெருமுனையில் நின்று, “மாடு வுழுந்துடுச்சி, விளக்கு வைக்கறதுக்குள்ள வரணுமாம்” என்று கத்திவிட்டுப் போனான்.

ஒருத்தரும் நகரவில்லை. ஆனால் எல்லோரும் எங்கள் வீட்டைத்தான் பார்த்தார்கள். அது எங்கள் குடும்பத்து முறை. முனுசாமி போனால் மற்றவர்களும் போக வேண்டியிருக்கும். பொழுது சாயும்போது அவர் சாயப்பட்டறையிலிருந்து வந்தார். கை நீலமாக இருந்தது.

“போய்டுப்பா” என்றார் மாமியார். “உங்க அப்பன் காலத்துலேர்ந்து செஞ்சது. பகைச்சிக்கினு எப்படிப் பொழைக்கிறது?”

“அப்பாதான் போனாரே மா. கழுத்துல இன்னா வந்துச்சி?” என்றார் முனுசாமி. முனுசாமி வாசலில் சுண்ணாம்பு மூட்டையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது. நான்கூடப் பேசாமலிருந்த நேரம் அது.

ஏகாம்பரமே வந்துவிட்டார். எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. வேகமாக நடந்து வந்ததில் வேர்த்து வழிந்தது. மேற்கே வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

“முனுசாமி, இன்னாப்பா இது? ஊட்டுல விளக்கு வைக்கணும். பொம்பளைங்க காத்துக்கினு இருக்கறாங்க.”

முனுசாமி எழுந்தார். துண்டை இடுப்புக்கு இறக்கிக் கட்டுவார், ஆண்டே என்பார், பின்னாலேயே போய்விடுவார் என்று நினைத்தேன். துண்டு தோளிலேயே இருந்தது.

“தூக்கக்கூடாதுங்க. அறுக்கவும் கூடாது. கொட்டிலுக்குப் பின்னாலயே குழி எடுங்க.”

“யாரு எடுக்கறது?”

“உங்க மாடு. நீங்கதான்.”

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார், ஏதோ நான்தான் பேசினேன் என்பதுபோல. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தழும்பு நன்றாகத் தெரியட்டும் என்று நிமிர்ந்து நின்றேன். தெருவில் இருந்த ஆம்பிளை, பொம்பளை எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். அவர் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் எங்கள் வாசலுக்கே திரும்பினார்.

“எவ்வளவு ஆழம்?” என்றார்.

“ஆள் உயரம்” என்றேன். “மூக்கு, வாயிலெல்லாம் துணி அடைச்சிடுங்க. வெறுங்கையால தொடாதீங்க, உங்க பிள்ளைங்களையும் தொட வுடாதீங்க. மேல சுண்ணாம்பு கொட்டணும். இந்தாங்க.”

முனுசாமி மூட்டையைத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போய் இறக்கி வைத்தார். அங்கிருந்து ஏகாம்பரத்தின் மகன்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். மண்வெட்டிச் சத்தம் கேட்டது. வெட்டிப் பழக்கமில்லாத கைகள், விட்டுவிட்டு வெட்டின. இடுப்பளவு தோண்டுவதற்குள்ளேயே இருட்டிவிட்டது. மாடு கொட்டிலில் கிடந்தது.

நாங்கள் வரப்பின்மேல் நின்று அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜன்னல்கள் இருட்டாக இருந்தன. குழந்தை ஒன்று அழுதது. உள்ளே பெண்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு ஏகாம்பரத்தின் மனைவி வெளியே வந்து கொட்டில் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, உள்ளே போய் விளக்கை ஏற்றினார்.

விளக்கு எப்போதும்போல எரிந்தது.